குறைந்த சம்பளத் திட்டப்பணி: வேலையில்லாத பிள்ளைகளுக்குக் கைகொடுக்கிறதா, காலை வாருகிறதா?

வேப்பம்பூ:

தம்பிக்கு 22 வயது. படிப்பு முடிந்து பதினாலு மாதமாகிறது. இப்போது, வேலையில்லாத பிள்ளைகளைச் சில மாதம் வேலைக்கு அனுப்பிவைக்கும் அரசுத் திட்டம் ஒன்றில் இடம் வந்திருக்கிறது. ஆறு மாதம், அலுவலக உதவியாளர் வேலை, முழுநேரம். கையில் வருவதைச் சம்பளம் என்று சொல்வதில்லை, உதவித்தொகை என்கிறார்கள். பக்கத்து மேசையில் அதே வேலையைப் பார்க்கும் நிரந்தரப் பணியாளர் வாங்குவதில் பாதிகூட வராது. போக்குவரத்துச் செலவு போக மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டில் இரண்டு கட்சி. "சும்மா இருப்பதற்கு இது மேல்" என்கிறார் அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை. என் தோழி ஒருத்தி இப்படி ஒன்றில் சேர்ந்து, அது முடிந்ததும் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று மூன்று வருடம் ஓட்டினாள். கடைசியில் அவள் பயோடேட்டாவைப் பார்த்தவர்கள், "இத்தனை இடத்தில் ஒருவர்கூட உங்களை வைத்துக்கொள்ளவில்லையே, ஏன்?" என்று கேட்டார்கள். வீட்டிலேயே இருந்திருந்தால்கூட இப்படி ஒரு கேள்வி வந்திருக்காது.

இந்த மாதிரித் திட்டங்கள் பிள்ளைகளை இருந்த இடத்தைவிடக் கீழே கொண்டுபோய் விடுகின்றனவா? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள். கொள்கை பேசுகிறவர்களும் பேசுங்கள், ஆனால் எனக்குத் திங்கட்கிழமை வரைதான் நேரம்.

மூவர்தாய்:

கண்ணு, உங்கப்பா சொல்வதில் தப்பில்லை. என் நடுப்பிள்ளை இரண்டு வருஷம் வீட்டில் இருந்தான். முதல் ஆறு மாதம் தினமும் விண்ணப்பம் போட்டான். அப்புறம் வாரத்துக்கு ஒன்று. அப்புறம் நான் கேட்டால்தான். இன்டர்வியூவுக்கென்று இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிய வெள்ளைச் சட்டை அப்படியே தொங்கியது. தோள்மடிப்பில் தூசி படிந்து மஞ்சளாக ஒரு கோடு விழுந்துவிட்டது. அதைத் துவைத்து மறுபடி மாட்டும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். யாராவது வீட்டுக்கு வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவான். "தம்பி என்ன பண்றான்?" என்று கேட்டுவிடுவார்களே என்ற பயம்.

பிறகு ஒரு திட்டத்தில் நான்கு மாதம் போனான். காசு கொஞ்சம்தான். ஆனால் காலையில் தானே எழுந்தான், சவரம் செய்தான், சாயங்காலம் வந்து யார் என்ன சொன்னார்கள் என்று கதை சொன்னான். அந்த நான்கு மாதத்தால் வேலை கிடைத்ததா என்றால், நேரடியாக இல்லை. ஆனால் அடுத்த இன்டர்வியூவுக்கு யாரும் சொல்லாமல் அவனே கிளம்பிப் போனான். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நிறைகோல்:

அம்மா சொல்வதை 1930களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் மரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு ஆலையை நம்பிப் பிழைத்தது, அந்த ஆலை மூடிவிட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் மூவரும் ஒரு குழுவோடு அங்கே போய்ப் பார்த்து 1933இல் முடிவுகளை வெளியிட்டார்கள். படிக்க நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் போகிறவர்களின் நடையைக்கூட அளந்தார்கள். வேலை போன ஆண்கள் மெல்ல நடந்தார்கள், நின்று நின்று போனார்கள். நேற்று பகல் முழுவதும் என்ன செய்தீர்கள் என்றால் சொல்ல ஒன்றும் வரவில்லை. வேலை பணத்தை மட்டும் தருவதில்லை, நாளுக்கு ஒரு ஒழுங்கையும் நாலு பேர் பழக்கத்தையும் சேர்த்தே தருகிறது என்று யஹோடா பிறகு பல வருடம் எழுதினார்.

ஆரம்ப வருடங்களில் பட்ட அடி சீக்கிரம் ஆறுவதும் இல்லை. கனடாவில் பொருளாதாரம் படுத்திருந்த நேரத்தில் பட்டம் பெற்று வந்தவர்கள் தொடக்கத்தில் சுமார் 9 சதவீதம் குறைவாகச் சம்பாதித்தார்கள். அந்தக் குறை முழுதாக மறையப் பத்து வருடம் வரை பிடித்தது. ஓரியோபோலஸ், வான் வாக்டர், ஹைஸ் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இது.

ஆக, சும்மா இருப்பது கெடுதல் என்பதில் சண்டையே இல்லை. ஆனால் அதிலிருந்து "எந்த வேலையானாலும் நல்லது" என்று ஒரே தாவாகத் தாவ முடியாது. அதற்கான தரவை இரவு எழுதுகிறேன்.

நடுப்பகல்:

இதில் ஆராய என்ன இருக்கிறது? ஒரே வேலைக்கு ஒரே கூலி. பாதிக் கூலிக்கு ஆள் அனுப்புவது சுரண்டல். அதற்கு அரசு முத்திரை இருந்தால் மட்டும் பெயர் மாறிவிடாது.

ஈரிலை:

வேப்பம்பூ அக்கா, நான் போனேன். எட்டு மாதம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பழைய பதிவேடுகளில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. தடிமனான பேரேடு, மூலையெல்லாம் செல்லரித்திருக்கும். இடது கையில் ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு வலது கையால் எண்களைத் தட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு வரி. முதல் வாரம் கற்றுக்கொண்டேன், மீதி ஏழு மாதத்துச் சொச்சம் அதையே செய்தேன். என் பெயரில் லாகின் கிடையாது. மூன்று பேருக்குப் பொதுவாக ஒரு லாகின் கொடுத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான வரிகள் ஏற்றினேன், எதிலும் என் பெயர் இல்லை.

ஐந்தாம் மாதம் ஒரு இடத்திலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். புதன்கிழமை காலை பதினொரு மணி. சூப்பர்வைசரிடம் கேட்டேன். "போ, ஆனா வருகை குறைஞ்சா இந்த மாசத் தொகை நிக்கும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, விதி அப்படி. நான் போகவில்லை. அந்த மாதத் தொகையை அக்காவிடம் வாங்கிய கடனுக்கென்று ஒதுக்கியிருந்தேன்.

திட்டத்துக்கு முன்னால் மாதம் இருபது இடத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த எட்டு மாதத்தில் மொத்தமே நான்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கண் எரியும். இன்னொரு திரையைத் திறந்து பார்க்கத் தோன்றாது.

கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். "திட்டத்தில் பங்கேற்றார்" என்ற ஒரே வரி. என்ன செய்தேன், எப்படிச் செய்தேன், ஒன்றும் இல்லை. அதை இன்றுவரை நான் யாரிடமும் நீட்டியதில்லை.

மூவர்தாய்:

படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது ராசா. என் பிள்ளை போனபோது வீட்டில் கடன் இல்லை. அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று இப்போதுதான் உறைக்கிறது. அவனுக்கும் அந்த நான்கு மாதத்துச் சான்றிதழ் எதற்கும் உதவவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டறைக்காரன்:

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். பதினாலு பேர் வேலை பார்க்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். சில வருடங்களில் மானியத் திட்டத்தில் ஐந்து பேரை எடுத்தேன். மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் எடுத்த பையனின் இடத்தில் எனக்கு எப்படியும் ஆள் தேவைப்பட்டது. முழுச் சம்பளத்துக்கு ஒருவரை எடுக்கத்தான் இருந்தேன். திட்டத்தில் ஆள் வந்தது, மூன்று மாதம் கழித்து அடுத்த ஆள் வந்தது. முழுச் சம்பளத்து வேலை அப்படியே காணாமல் போனது. அது யாருக்குப் போயிருக்க வேண்டிய வேலை என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன்.

இன்னொன்று, வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாதது. லேத்தில் புது ஆள் ஒருவர் உருப்படியாக ஒரு பாகம் கடைந்து எடுக்க ஆறேழு வாரமாவது பழக வேண்டும். அதுவரை பழைய ஆள் ஒருவர் தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மூன்று மாதத்தில் போய்விடப் போகிற பையனுக்கு எவன் நிற்பான்? என் மூத்த மேஸ்திரி முகத்துக்கு நேராகவே சொன்னார்: "போகப்போறவனுக்கு நான் எதுக்கு மெனக்கெடணும்?" அதனால் அந்தப் பிள்ளைகள் இரும்புச் சீவலைக் கூட்டினார்கள், எண்ணெய் துடைத்தார்கள், சாமான் எடுத்துக்கொடுத்தார்கள். மூன்று மாதம் முடிந்ததும் "இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று நாங்களே சொன்னோம்.

ஐந்தாவது பெண் ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்தாள். ஒரு வருடம் இருப்பாள் என்றதும் அதே மேஸ்திரி அதே லேத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தார். மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் படிக்க அவள் தடுமாறியபோது, தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இன்று அவள் என்னிடம் நிரந்தரம். அவளுக்கும் முதல் வருடம் கொடுத்தது குறைவான தொகைதான்.

அதனால் கூலியை மட்டும் வைத்துப் பேசாதீர்கள் என்பேன். எத்தனை மாதம், பக்கத்தில் யார் நிற்கிறார்கள், இந்த இரண்டையும் கேளுங்கள்.

நடுப்பகல்:

உங்கள் நேர்மைக்கு மரியாதை, ஐயா. ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், முழுச் சம்பள வேலை ஒன்று காணாமல் போனது என்று. நான் சொன்னதும் அதுதான்.

நிறைகோல்:

சொன்னபடி தரவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அமெரிக்காவின் டெட்ராய்ட். அரசு நலத்தொகை வாங்குபவர்களை வேலைக்கு அனுப்பும் திட்டம் ஒன்று அங்கே இருந்தது. அனுப்பிவைக்கும் ஒப்பந்ததாரர்கள் பலர். யாரிடம் யார் போவது என்பது சுழற்சி முறையில் அமைந்ததால் கிட்டத்தட்டக் குலுக்கல் போட்ட மாதிரி. சிலர் தற்காலிக ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்கு அதிகம் தள்ளினார்கள், சிலர் நேரடி வேலையில் சேர்த்துவிட்டார்கள். டேவிட் ஆட்டரும் சூசன் ஹவுஸ்மனும் இவர்களைத் தொடர்ந்து பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். நேரடி வேலையில் சேர்ந்தவர்களின் பிந்தைய வருமானம் கூடியது. தற்காலிக வேலைக்குப் போனவர்களுக்குப் பிந்தைய வருமானம் கூடவில்லை, குறைந்திருக்கவும் கூடும். அவர்கள் எல்லோரும் இளைஞர்கள் இல்லை என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் "உள்ளே ஒரு கால் வைத்தால் போதும்" என்ற பேச்சுக்கு இது பெரிய அடி.

பிரிட்டனில் ஒரே அரசுத் துறையின் கீழ் அடுத்தடுத்து இரண்டு திட்டங்கள். 2009இல் தொடங்கிய எதிர்கால வேலைகள் நிதியில், நீண்ட நாள் வேலையில்லாத 18 முதல் 24 வயதுப் பிள்ளைகளுக்கு ஆறு மாத வேலை, வாரம் குறைந்தது 25 மணி நேரம், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத சம்பளம். 2011இல் வந்த கட்டாய வேலைத் திட்டத்தில் நான்கு வாரம், வாரம் 30 மணி நேரம் வரை, சம்பளம் இல்லை. போகாவிட்டால், வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை வெட்டு. இரண்டையும் அத்துறையே 2012இல் மதிப்பிட்டது. முதல் திட்டத்தில் இருந்தவர்கள், தொடங்கி இரண்டு வருடம் கழித்து, மானியமில்லாத சாதாரண வேலையில் இருக்கும் வாய்ப்பு, அதில் சேராத அதே மாதிரிப் பிள்ளைகளைவிட 11 சதவீதப் புள்ளி அதிகம். இரண்டாவதில் வேலை கிடைக்கும் வாய்ப்பில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இந்த மதிப்பீடு வருவதற்குள் முதல் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

பட்டறைக்காரர் சொன்ன இடம் பறிபோகும் விஷயத்துக்கும் ஆதாரம் உண்டு. பிரான்சில் படித்த, வேலையில்லாத இளைஞர்களுக்கு வேலை தேட உதவும் திட்டத்தை 235 பகுதிகளில் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். க்ரெபோன் குழுவின் 2013 ஆய்வு. உதவி பெற்றவர்களுக்கு வேலை சீக்கிரம் கிடைத்தது. ஆனால் அதில் ஒரு பகுதி அதே ஊரில் உதவி பெறாமல் வரிசையில் நின்றவர்களிடமிருந்து போனது, அதுவும் வேலை தட்டுப்பாடான இடங்களில் அதிகம்.

ஈரிலை:

அப்படியானால் குறைந்த கூலியே தப்பு என்றுதானே ஆகிறது? நல்ல சம்பளம் கொடுத்த திட்டம் ஜெயித்தது, கொடுக்காதது தோற்றது.

நிறைகோல்:

அப்படிச் சுருக்க முடியவில்லை, தம்பி. ஜெர்மனியில் தொழில் பழகுநர்கள் வாங்குவது குறைந்த தொகைதான். 2020இல்தான் அதற்கே சட்டப்படி கீழ்வரம்பு வைத்தார்கள், அப்போது பயிற்சியின் முதல் வருடத்துக்கு மாதம் 515 யூரோ. ஆனாலும் அது பிள்ளைகளைக் கீழே தள்ளுவதில்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மீதி நாள் பட்டறையிலோ அலுவலகத்திலோ. பெரும்பாலும் மூன்று, மூன்றரை வருடம். முடிவில் தேர்வு வைப்பது வேலை கொடுத்த முதலாளி இல்லை, தொழில் வணிகச் சபை. அந்தச் சான்றிதழைப் பார்க்கிற எந்த முதலாளிக்கும் இவருக்கு என்ன தெரியும் என்பது தெரியும். உங்கள் கையில் கொடுத்த ஒற்றை வரியில் இல்லாதது அதுதான்.

அமாண்டா பல்லே என்ற பொருளியலாளர் 2014இல் வெளியிட்ட சோதனை ஒன்று உங்கள் கதையைப் படித்ததும் நினைவுக்கு வந்தது. இணையவழி வேலைத்தளம் ஒன்றில் 952 பேரைக் குலுக்கலில் தேர்ந்து, ஏறத்தாழ பத்து மணி நேர டேட்டா என்ட்ரி வேலை கொடுத்தார். நீங்கள் செய்த அதே மாதிரி வேலைதான். முடிந்ததும் எல்லோரும் பார்க்கும்படி மதிப்பீடு எழுதினார். சிலருக்குச் சுருக்கமாக, சிலருக்கு விவரமாக. முன் அனுபவம் இல்லாதவர்களுக்கு அந்தச் சின்ன வேலையே பிறகு நிறைய வாய்ப்புகளைத் திறந்தது. அவர்களில் விவரமான மதிப்பீடு கிடைத்தவர்களுக்கு இன்னும் அதிகம். எட்டு மாதம் உழைத்த உங்களைப் பற்றி நான்கு வரி எழுதித்தர யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பழையபேனா:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன், எழுதத் தயக்கம். ஒன்பது வருடம் இப்படிப் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான்.

எங்களிடம் கேட்கப்பட்ட எண் ஒன்றே ஒன்று: இந்த மாதம் எத்தனை பேரை அனுப்பினீர்கள்? எத்தனை பேர் தங்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? சுறுசுறுப்பாகப் பேசுகிற, நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளை முதலில் அனுப்பினேன். முதலாளிகளுக்குச் சந்தோஷம், என் எண்ணிக்கையும் நிறைந்தது. திட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளைகள் எங்காவது சேர்ந்திருப்பார்கள். உண்மையில் ஒரு கை தேவைப்பட்டவர்கள், மூவர்தாய் அம்மாவின் மகனைப் போல அறைக்குள் போய்விடுகிறவர்கள், என் கோப்பின் அடியிலேயே கிடந்தார்கள். இதை நினைத்தால் இன்றும் தூக்கம் கெடும்.

ஈரிலை சொன்ன புதன்கிழமையை நூறு முறை பார்த்திருக்கிறேன். வேலை தேடவிடாமல் செய்கிற வேலைத் திட்டம் என்றால் அதன் பெயருக்கே அர்த்தம் இல்லை. ஆறு மாதம் ஒரு பிள்ளையை அடைத்து வைத்துவிட்டு, வெளியே விடும்போது ஆறு மாதம் பழசான பயோடேட்டாவோடு விடுகிறோம். அந்தப் பிள்ளை போகாமலே இருந்திருக்கலாம்.

வேப்பம்பூ, உங்கள் தம்பியிடம் போகலாமா வேண்டாமா என்று கேட்க வேண்டாம். அந்த அலுவலகத்தைக் கேளுங்கள். இன்டர்வியூ வந்தால் தொகை வெட்டாமல் விடுவீர்களா? போன முறை வந்தவர்களில் யாராவது இப்போது உள்ளே இருக்கிறார்களா? அவனுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவர் பெயர் என்ன? இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம். பெயர் சொன்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று அர்த்தம். "எல்லாரும் பாத்துப்பாங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

போவதானால் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தினமும் மூன்று வரி: இன்று செய்தது, யாருக்காகச் செய்தது, எதில் தடுமாறினேன். என்னிடம் வந்த பிள்ளைகளில் அப்படி எழுதியவர்கள் பிறகு இன்டர்வியூவில் திக்காமல் பேசினார்கள். சான்றிதழில் என்ன எழுத வேண்டும் என்பதையும் அந்த நோட்டைப் பார்த்து அவர்களே எழுதிக் கொடுத்து, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினார்கள். பல அதிகாரிகள் எழுதித்தராதது மனமில்லாமல் இல்லை. அந்தப் பிள்ளை என்ன செய்தான் என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்காது.

நடுப்பகல்:

பழையபேனா அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பாதிக் கூலி தப்பு என்பதில் மாறவில்லை. ஆனால் முழுக் கூலி கொடுத்தாலும் நீங்கள் சொன்ன மூன்றும் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை ஆறு மாதத்தில் இதே இடத்துக்குத்தான் வருவான். அதை நான் யோசித்திருக்கவில்லை.

வேப்பம்பூ:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். முதலில் எடுத்தவர் மூன்று கேள்விக்கும் "அதெல்லாம் வந்தப்புறம் பேசிக்கலாம்" என்றார். வந்தபின் பேச முடியாது என்பதால்தான் இப்போது கேட்கிறேன் என்று சொல்லி வைக்காமல் காத்திருந்தேன். கணக்குப் பிரிவிலிருந்து ஒரு அம்மா வந்தார். போன முறை வந்த ஆறு பேரில் ஒருவர்கூட இப்போது இல்லை என்பதை மறைக்காமல் சொன்னார். இன்டர்வியூவுக்கு மாதம் இரண்டு நாள் விடலாம், எழுத்தில் தர அதிகாரியிடம் கேட்கிறேன் என்றார். யார் கற்றுக்கொடுப்பார் என்றதற்கு, "என்கிட்டதான் உட்காருவான், பில் சரிபார்க்கிற வேலையை நானே சொல்லித்தருவேன்" என்று தன் பெயரைச் சொன்னார்.

மாலை நான்கு மணிக்கு அந்த இரண்டு நாள் விஷயம் மின்னஞ்சலில் வந்தது. தம்பியிடம் எல்லாவற்றையும் வைத்தேன், இந்த இழையையும் படிக்கக் கொடுத்தேன். ஈரிலையின் பதிவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "மூணு மாசம் போறேன். நோட்டுல எழுத ஒண்ணும் இல்லாம ஒரு வாரம் போச்சுன்னா அன்னைக்கே வந்துடுவேன்" என்றான். அப்பாவும் சரி என்றார்.

ஈரிலை:

அக்கா, தம்பியை முதல் நாளே அவன் பெயரில் ஒரு லாகின் கேட்கச் சொல்லுங்கள்.